தொட்டிக்கு அடியில் ஒரு சூரியப் புயல்

எண்பதுகள் முடியப்போகிற நேரத்தில், தாம்பரத்தில் ஒரு கல்லூரியின் பெண்கள் விடுதி மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு நான் சூரியனை ஆராய்ந்துகொண்டிருந்தேன். இதைச் சொன்னால் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். முன்பெல்லாம் சுருக்கென்று கோபம் வரும். இப்போது நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, மீதியையும் கேளுங்கள் என்கிறேன்.

நான்கு தூண்களின் மேல் பெரிய சிமெண்டுத் தொட்டி. அந்தத் தூண்களுக்கு நடுவே சுவர் எழுப்பிக் கதவு வைத்தால் ஓர் அறை கிடைத்துவிடும். நம் ஊர் மொட்டை மாடிகளில் இப்படிப் பிறந்த அறைகள் ஏராளம். என் பிஎச்.டி. கைடுதான் விடுதிக்கு வார்டனும். துறையில் அவருக்கு ஒரு மூலைகூட ஒதுக்காததால், வார்டன் என்ற முறையில் இந்த அறையை எடுத்துக்கொண்டு, தன் கையாலேயே செய்த துகள் எண்ணிகளைக் கொண்டுவந்து வைத்தார். தொட்டித் தண்ணீரால் அறை குளுமையாக இருக்கும். எண்ணிகளுக்கு வெயில் ஆகாது.

"மேல அவ்வளவு தண்ணி இருந்தா கொஞ்சம் துகள் அதுலயே நின்னுடாதா மேடம்?" என்று சேர்ந்த புதிதில் கேட்டேன்.

"நிக்கும். ஆனா காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை மோட்டார் போடறோம். தொட்டி எப்பவும் நிறைஞ்சே இருக்கு. எப்பவும் ஒரே அளவு குறைஞ்சா உனக்கென்ன கஷ்டம்?" என்றார்.

எதிர்த்துப் பேசுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. கிணற்றில் தண்ணீர் இருந்த வருஷம் அது.

எண்ணி என்பது வேறொன்றுமில்லை. உலோகக் குழாய்களை வரிசையாக அடுக்கிய இரண்டு தட்டுகள், ஒன்றின் மேல் ஒன்று. ஒரு துகள் இரண்டையும் ஒரே வீச்சில் துளைத்துக்கொண்டு போனால் ஓர் எண் கூடும். மணிக்கொரு தரம் பிரிண்டர் கரகரவென்று மொத்தத்தைக் காகிதச் சுருளில் அடிக்கும். அந்தச் சுருளைக் கிழித்து வரைபடமாக்குவது என் வேலை.

இந்தத் துகள்களின் பிறப்பிடம் எங்கோ வெடித்துச் சிதறிய விண்மீன்கள். அங்கிருந்து கிளம்பிய புரோட்டான்களுக்கு மின்னூட்டம் இருப்பதால் நேராக வர முடியாது. சூரியன் தன்னைத்தானே சுற்றிக்கொண்டே தன் காந்தப் புலத்தை வெளியே வீசுகிறது. அதனால் அந்தப் புலத்தின் கோடுகள் கைமுறுக்கு மாதிரி சுற்றிச் சுற்றிக் கிரகங்களையெல்லாம் தாண்டிப் போகின்றன. புரோட்டான் அந்தக் கோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வர இயலாது. கோட்டைச் சுற்றிச் சுருள் சுருளாகத்தான் வரவேண்டும். வழியில் கோடு கசங்கியிருந்தால் முட்டித் திரும்பும், அடுத்த கோட்டுக்குத் தாவும், மறுபடி முன்னேறப் பார்க்கும். அலுவலக நேரத்தில் தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் எதிர்த்திசையில் ஏறிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அப்படி வந்து சேர்ந்தாலும், நம் பக்கத்தில் பூமியின் காந்தப் புலம் கதவை முக்கால்வாசி சாத்தி வைத்திருக்கிறது. மிகுந்த ஆற்றல் உள்ளவை மட்டும் உள்ளே வந்து, காற்றில் மோதி உடைந்து, அந்தத் துண்டுகள் தொட்டியையும் கூரையையும் என்னையும் துளைத்துக்கொண்டு எண்ணிக்குள் போகும்.

சில சமயம் சூரியன் சீறும். காந்தக் கோடுகள் சுருண்டுகிடக்கிற ஒரு பெரிய மேகத்தை வீசும். அது பூமியைக் கடக்கும்போது, வெளியிலிருந்து வருகிற துகள்களை ஒதுக்கித் தள்ளிவிடும். எண்ணியில் கணக்கு சில மணி நேரத்தில் சட்டென்று விழும். பிறகு துகள்கள் கொஞ்சம் கொஞ்சமாக மேகத்துக்குள் கசிந்து வர, பல நாட்களில் மெல்ல மெல்ல ஏறும். வராதவர்களை எண்ணுகிற வேலை என்று நான் வேடிக்கையாகச் சொல்வேன். அப்படி ஐந்து சரிவுகள் கடைசி ஒரு வருஷத்தில் எனக்குக் கிடைத்திருந்தன. அவற்றை வைத்துத்தான் என் ஆய்வேடு. மேற்குத் தாம்பரத்தில் ஒரு டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் மூன்றாம் அத்தியாயம் வரை தட்டச்சு ஆகிவிட்டது.

அந்தக் கோடையில் கிணறு அடியோடு வற்றியது. அதற்கு முந்தைய ஒரு வருஷமாகவே மோட்டார் காற்றைத்தான் இறைத்துக்கொண்டிருந்தது. தனியார் லாரித் தண்ணீர்தான் விடுதிக்கு. பில் கிடையாது, நாள் கிடையாது. கூப்பிட்டால் அவர்கள் இஷ்டத்துக்கு வருவார்கள். வந்தால் தடியான குழாயை மாடிக்கு ஏற்றித் தொட்டியை நிரப்பிவிட்டுப் போவார்கள். அடுத்த லாரி வரும்வரை அதை வைத்துத்தான் அத்தனை பெண்களும் காலம் தள்ளவேண்டும்.

ஒருநாள் காலை வாளியோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். முன்னால் நின்ற பெண் சலித்துக்கொண்டாள். "தண்ணி வரும்போது ஒரே அடியா வந்துடுது அக்கா, அப்புறம் சொட்டுச் சொட்டாத் தீருது."

வாளி என் கையிலிருந்து நழுவியது. சட்டென்று நிரம்பும், மெல்ல மெல்லக் காலியாகும். தண்ணீர் ஏறினால் துகள் குறையும், இறங்கினால் துகள் கூடும். என் மூன்றாம் அத்தியாயத்தில் சூரியனைப் பற்றி நான் எழுதியிருந்த அதே வளைவு. சரிவின் அளவும் ஏறக்குறைய அதேதான் வரும், ஓர் ஆள் உயரத் தண்ணீருக்கு. இந்த ஒரு வருஷமாக நான் வரைந்துகொண்டிருந்தது சூரியனின் கோபமா, தண்ணீர் லாரியின் வருகையா? குளிக்காமலே மாடிக்கு ஓடினேன்.

மேடத்திடம் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அது நல்ல அறிகுறி இல்லை.

"என் எண்ணி தண்ணித் தொட்டியை அளந்துச்சுங்கறியா?"

"அளந்திருக்கலாம்னு சொல்றேன்."

"இருக்கலாம்னு இழுக்காதே. ஆமாவா, இல்லையா?"

"தெரியலை மேடம்! தெரிஞ்சா உங்ககிட்ட எதுக்கு வந்து நிக்கறேன்?" என்று நானும் கத்திவிட்டேன். அவரிடம் யாரும் குரல் உயர்த்தியதில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு, "இன்னிக்கு லாரி வருது. வா, பார்த்துடலாம்" என்றார்.

தொட்டி அன்று காலியாக இருந்தது. நானும் அவரும் எண்ணி அறைக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம். காலித் தொட்டிக்கு இரண்டு மணி நேரக் கணக்கை முன்னாலேயே அடித்து வைத்திருந்தோம். லாரி வந்தது. கீழேயிருந்து டிரைவர், "மேடம், பைப்பு வந்துகினு கீது, மூடியைத் திறந்து வையுங்கோ!" என்று கத்தினார். முதலில் வெறும் சிமெண்டில் தண்ணீர் அறைகிற சத்தம் எங்கள் தலைக்கு மேலே கேட்டது. பிறகு அது கனத்து, அமுங்கி, கடைசியில் அடங்கிப்போனது. எத்தனை டன் தண்ணீர் தலைக்கு மேல் நிற்கிறது என்று அதற்குமுன் நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். துகள்கள் ஒரே சீராக விழுவதில்லை, கொஞ்ச நேரத்துக் கணக்கை நம்பக்கூடாது. நான் கடவுளை வேண்டிக்கொண்டேன், விழக்கூடாது, விழக்கூடாது என்று. பிரிண்டர் கரகரத்தது. விழுந்திருந்தது. இன்னொரு மணி நேரம் உட்கார்ந்தோம். அதிலும் அதே எண். என் சூரியன் அந்த அறையில் செத்துப்போனது போல இருந்தது. நான் வாய்விட்டு அழுதேன்.

"அழுது முடிச்சுட்டுச் சொல்லு. அஞ்சுல எத்தனை லாரி வந்த காலத்துது?" என்றார் மேடம்.

நான்கு, விடுதி நிறையப் பெண்கள் இருந்த நாட்களில் வந்தவை. லாரிகளும் வந்துபோயிருந்தன. எது எந்த நாள் என்று யாராலும் சொல்ல முடியாது. அவற்றை விட்டுவிட வேண்டியதுதான். ஐந்தாவது மட்டும் வேறு மாதிரி. அது விடுமுறை வாரத்தில், ஒரு திங்கட்கிழமை மாலை விழுந்தது. எல்லாவற்றிலும் பெரியது அதுதான். நான் அக்காவின் வளைகாப்புக்காகச் செம்பாக்கம் வீட்டுக்குப் போயிருந்தேன். மேடமும் ஊரில் இல்லை. எண்ணி தன்பாட்டுக்கு ஓடி, செவ்வாய் இரவு காகிதச் சுருள் தீர்ந்து நின்றுபோயிருந்தது.

"ஊருக்குக் கிளம்பும்போது தொட்டி காலி. லாரிக்குச் சொல்லிட்டுத்தான் போனேன். எப்ப வந்தான்னு தெரியாது" என்றார் மேடம். "திங்கட்கிழமை சாயங்காலம் தொட்டி காலியாவே இருந்துச்சுன்னா, அது சூரியன். அன்னிக்கு நிரம்பியிருந்தா, உனக்கு ஆய்வேடே இல்லை."

வெளிநாட்டு நிலையங்களின் கணக்கோடு ஒப்பிடலாம்தான். ஆனால் அது தபாலில் வர மாதக்கணக்காகும். மேடம் அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அவருக்குப் பிறகு இந்த விஷயத்துக்குக் கையெழுத்துப் போட துறையில் ஆளில்லை. வேறு கைடு, வேறு தலைப்பு, மறுபடி முதலிலிருந்து. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாமா என்று முடிவுசெய்ய, வெளியிலிருந்து பேராசிரியர்கள் வந்து உட்காரும் கமிட்டிக் கூட்டம் வெள்ளிக்கிழமை. அன்று புதன்.

அந்த விடுமுறையில் விடுதியில் தங்கியிருந்தவள் ஒரே ஒரு பெண். எம்.எஸ்சி. முதலாண்டு. அவளுக்கு அம்மை போட்டிருந்தது. அம்மை கண்டவளைப் பேருந்தில் ஏற்றக்கூடாது என்று மாடியில், எண்ணி அறைக்குப் பக்கத்து அறையில் வேப்பிலை கட்டிப் படுக்கவைத்திருந்தார்கள். ஊரில் அவள் தம்பிக்கும் அம்மை, அதனால் அம்மாவாலும் வர முடியவில்லை. பார்த்துக்கொண்ட ஆயா பிறகு வேலையை விட்டு எங்கோ போய்விட்டார். அந்தப் பெண்ணும் இப்போது பரீட்சை முடிந்து சிங்கப்பெருமாள் கோவிலில், தன் வீட்டில் இருந்தாள்.

அம்மை இறங்கினால் தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீர், அண்டா நிறைய. அது எந்தக் கிழமை நடந்தது என்று தெரிந்தால் போதும், தொட்டியில் எப்போது தண்ணீர் வந்தது என்று தெரிந்துவிடும். வியாழக்கிழமை காலை செங்கல்பட்டு ரயிலில் ஏறினேன். உட்கார இடம் இருந்தும் வாசலிலேயே நின்றுகொண்டு போனேன்.

அவர்கள் பழைய நிலக்காரக் குடும்பம். நிலத்தில் பாதியை ஒரு தொழிற்சாலைக்கு விற்றுவிட்டு, ரோட்டோரம் சிமெண்டுக் கடை வைத்திருந்தார்கள். கல்லாவில் அந்தப் பெண்ணின் அம்மாதான் உட்கார்ந்திருந்தார். நான் யாரென்று சொன்னதும் மோர் வந்தது. பெண்ணும் உள்ளிருந்து வந்து நின்றாள். நான் சுற்றி வளைக்காமல், தலைக்குத் தண்ணீர் ஊற்றியது எந்தக் கிழமை என்று கேட்டேன்.

அம்மாதான் பதில் சொன்னார். "ஞாயித்துக்கெழமை. இவளுக்கு அங்க, இவ தம்பிக்கு இங்க, ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல ஊத்தணும்னு வேண்டிகினேன். இவ எதுர்ல கீற ரைஸ்மில்லுக்குப் போன் பண்ணி ஊத்தியாச்சும்மான்னு சொன்னா. அப்பறந்தான் போயி ஆத்தாளுக்குக் கூழு ஊத்தி மாவிளக்குப் போட்டேன்."

ஞாயிறு. அப்படியென்றால் லாரி சனியோ ஞாயிறோ வந்து, சுருளில் தெரியாத அளவுக்குக் கொஞ்சம் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறது. திங்கள் மாலை ஏதோ ஒரு லாரி மறுபடியும் வந்து மிச்சத்தை நிரப்பியிருக்கலாம். இல்லையென்று யார் சொல்வது? ஐந்தும் போயிற்று. மோர் டம்ளரை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். தாவணி முனையைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். "எதுக்குக் கேக்கறீங்க அக்கா?" என்றாள்.

தொட்டியையும் மறுநாள் கூட்டத்தையும் சொன்னேன். பிசிக்ஸ் படிக்கிறவள், இரண்டு வாக்கியத்தில் புரிந்துகொண்டாள். முகம் வெளுத்துவிட்டது.

"சொல்லுடி, ஞாயித்துக்கெழமைதானே?" என்றார் அம்மா.

"இல்லம்மா."

"இன்னா இல்ல?"

"ஞாயித்துக்கெழமை சொட்டுத் தண்ணி இல்லம்மா. ஆயா கொடத்துல எங்கேர்ந்தோ குடிக்க மட்டும் கொண்டாந்துச்சு. லாரி வரவே இல்ல. நீ பயப்படுவேன்னு ஊத்தியாச்சுன்னு சொல்லிட்டேன். புதன்கெழமை மத்தியானந்தான் லாரி வந்துது. அதுக்கப்புறந்தான் ஊத்துனாங்க. அதுவரைக்கும் குழாயைத் திறந்து திறந்து பாத்துகினே இருந்தேன், காத்துதான் வந்துது."

கடையில் சிமெண்டு கேட்டு வந்த ஆள்கூட வாசலிலேயே நின்றுவிட்டார். எனக்குக் கிடைத்துவிட்டது, என் திங்கட்கிழமை எனக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தபின் சந்தோஷப்படத் தைரியம் வரவில்லை. தலைக்குத் தண்ணீர் படாத பெண்ணுக்காக அவர் கோவிலில் போய் நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கிறார். ஆத்தாளிடமே பொய் சொன்ன மாதிரி. அறைவார் என்று நினைத்தேன்.

அவர் கல்லாப்பெட்டியை மூடிப் பூட்டினார். பிறகு என்னிடம், "நாளைக்கு எத்தினி மணிக்கு உங்க கூட்டம்?" என்றார்.

"பத்து மணிக்கு."

"பொய் சொன்ன வாயி அதுவே வந்து சொல்லட்டும். நானும் வரேன்."

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு வழக்கப்படி மைசூர்பாகும் மிக்சரும் காபியும் என் செலவு. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்பதால் பின் வரிசையில் அம்மாவும் பெண்ணும் உட்கார்ந்தார்கள். அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார். நான் எடுத்த எடுப்பில் சொன்னேன், ஐந்தில் நான்கைக் கைவிடுகிறேன், காரணம் தலைக்கு மேல் தொட்டி என்று. முன் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார். என் காது சூடாகிவிட்டது. புரோட்டான்கள் எப்படிக் கோட்டைச் சுற்றி வருகின்றன, சூரியனின் மேகம் எப்படி ஒதுக்குகிறது, எப்படி அவை மனிதர்களையும் சுவர்களையும் துளைத்துப் போகின்றன என்று தமிழிலும் ஆங்கிலத்திலுமாக மாறி மாறிச் சொல்லி முடித்தேன்.

நகரத்திலிருந்து வந்த மூத்த பேராசிரியர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டார். "நாலு தண்ணி. அஞ்சாவது மட்டும் எப்படிச் சூரியன்? அன்னிக்குத் தொட்டி காலின்னு யார் பார்த்தாங்க?"

மேடம் வாயைத் திறக்கப் போனார். அதற்குள் பின்னாலிருந்து, "நான் சார்" என்று குரல் வந்தது. அந்தப் பெண் எழுந்து நின்று, அம்மை போட்டதையும், தண்ணீர் இல்லாததையும், அம்மாவிடம் சொன்ன பொய்யையும் அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை. பேராசிரியர் அவளைப் பார்த்தார். பக்கத்தில் பட்டுப்புடவையில் விறைப்பாக உட்கார்ந்திருந்த அம்மாவையும் பார்த்தார்.

"தலைக்குத் தண்ணி விட்ட நாளை யாரும் மறக்க மாட்டாங்க" என்று அவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். "ஒண்ணை வச்சே எழுதட்டும். தொட்டிக் கதையையும் ஓர் அத்தியாயமாச் சேர்த்து எழுதணும்." மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பல மாதம் கழித்து வெளிநாட்டுக் கணக்குகள் தபாலில் வந்தபோது, அதே திங்கட்கிழமை அங்கெல்லாம்கூடச் சரிவு இருந்தது. ஆனால் அன்றைக்கு எங்களிடம் இருந்தது அவள் வாக்கு ஒன்றுதான்.

வெளியே வராந்தாவில் எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்த அம்மாவுக்குத் தட்டு கொண்டுபோனேன். அவர் வாங்கவில்லை. என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"ஒண்ணு கேக்கணும். மேலேர்ந்து வுழுதுன்னு சொன்னியே, செவுரு, மனுசன், எல்லாத்தயும் தொளைச்சிகினு போவுதுன்னு. இவ உன் மிசினு பக்கத்துலதானே படுத்துகினு கெடந்தா. தலைக்குத் தண்ணிகூட வுடாம. அந்த நாளெல்லாம் இவ மேல எவ்ளோ வுழுந்துச்சு?"

உள்ளே அத்தனை படித்தவர்கள் என்னை அத்தனை கேள்வி கேட்டார்கள். ஒருவருக்கும் இது தோன்றவில்லை. எனக்கும் தோன்றியதில்லை. இவர் மட்டும் ஒரு மணி நேரமாக இந்தப் பயத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"கம்மியாத்தான்மா விழுந்துது" என்றேன். "மத்த நாளைவிடக் கம்மி. வந்ததையெல்லாம் ஒண்ணு குறுக்க நின்னு திருப்பி அனுப்பிச்சுது. அதைத்தான் அந்த மிஷின்ல பார்த்தோம்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடியபடியே, "தண்ணி வுடலன்னு ஆத்தா கோச்சிக்கவே இல்ல. எம்பொண்ணுக்குக் குறுக்க நின்னுகினு இருந்திருக்கா" என்றார்.

அத்தனை பேர் முன்னால் அழாமல் நின்ற அந்தப் பெண், அப்போதுதான் உடைந்து அழுதாள். அம்மா அவள் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு, தண்ணீர் ஊற்றுவது போல உச்சியிலிருந்து திரும்பத் திரும்ப வழித்துவிட்டார்.

விவாதம் என்றால் விடமாட்டேன் நான். அது சூரியனிலிருந்து கிளம்பிய மேகம், அதற்கும் ஆத்தாளுக்கும் சம்பந்தமில்லை என்று அங்கேயே வரைந்து காட்டியிருப்பேன், பென்சில்கூடக் கையில் இருந்தது.

"ஆமாம்மா" என்றேன்.